உள்மூச்சு

ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் எல்லாச் சுற்றும் ஒன்றுபோலத்தான் கேட்க வேண்டும். ஆனால் மார்லிஸின் காதுக்கு அடுத்தடுத்த சுற்று முந்தியதைவிடக் கொஞ்சம் நிறைந்து கேட்டது. இசை கீபோர்டின் கட்டையிலிருந்து விரலை எடுத்தாள். ஸ்பீக்கர் அடங்கியது. காது களைத்துப்போனால் இல்லாததெல்லாம் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சான் ஹோசேயில் அந்த வாரம் முழுக்க விடாத மழை. ஆளில்லாத அலுவலகத்தில் ஈரக் கார்ப்பெட்டின் முடை நாற்றமும் பற்றவைத்த ஈயத்தின் வாடையும் கலந்து கிடக்க, கூரையிலிருந்த வெப்பக்காற்றுக் குழாய் அவ்வப்போது முனகிவிட்டு ஓய்ந்தது. ஒன்றரை வருடமாக மார்லிஸுக்குக் கூட்டங்களைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. ஒரு கம்பெனியின் சவுண்ட் கார்டில் வயலினாக ஒலித்த பாட்டு இன்னொரு கம்பெனியின் கார்டில் ஊதுகுழலாக ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. எந்த எண்ணைக் கூப்பிட்டால் எந்த ஒலி வர வேண்டும் என்று எல்லாக் கம்பெனிக்காரர்களும் கூடிச் சண்டை போட்டு ஒருவழியாக முடிவு செய்திருந்தார்கள். பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று போன அந்த வரிசையின் கடைசிப் பக்கம் மனித மூச்சும் எப்படியோ சேர்ந்துவிட்டது. சேர்த்தது யார் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை.

மூச்சுக்காக ஸ்டூடியோ எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் ஓட்டும் தன் கணவன் ஓரினையே வீட்டுச் சமையலறையில் மைக் முன்னால் உட்காரவைத்துப் பதிவு செய்தாள். "மூச்சு விடுடான்னு கெஞ்சுற பொண்டாட்டி உலகத்துலேயே எனக்கு மட்டும்தான் வாய்ச்சிருக்கா" என்று அவன் சிரித்ததில் முதல் பதிவு வீணானது.

நாளைக் காலை எல்லா ஒலிகளும் சிப் தொழிற்சாலைக்குப் போகின்றன. சிப்பில் இடம் போதவில்லை. "பியானோவுல கை வைக்காத. மூச்சை எவன் உக்காந்து கேக்கப் போறான், அதைப் பாதியா வெட்டு" என்று அவளுடைய மேலாளர் டுவேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மத்தியானமே வெட்டியிருந்தாள். வெளிமூச்சை எறிந்துவிட்டு, உள்மூச்சின் வாலை அதன் தலையோடு ஒட்டினாள். கட்டையை அழுத்தி வைத்திருக்கும்வரை அது சுற்றிச் சுற்றி ஓடும். இடத்தை மிச்சம் பிடிக்க, பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதினாள். அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான். ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்ன 'டிக்' மிச்சமிருந்தது.

அது காதை உறுத்துகிறதா என்று பார்க்க மறுபடியும் அழுத்தினாள். ஓரினின் மூச்சு உள்ளே போனது. டிக். உள்ளே போனது. டிக். இந்தத் தடவையும் அது சுற்றுக்குச் சுற்று நிறைந்துகொண்டே போனது. விரலை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மார்லி." ஓரின்தான். குரல் கம்மியிருந்தது. "வர லேட்டாகுமா?"

"இன்னும் ஒரே ஒரு வேலைதான். ஏன், என்னாச்சு?"

"பெருசா ஒண்ணுமில்ல. இப்ப ரெண்டு தடவை மூச்சு உள்ள மட்டுமே போச்சு, வெளிய விட முடியல. நெஞ்சு வெடிச்சிரும்போல ஆயிட்டு, அப்புறம் தானா சரியாயிருச்சு."

"சாப்பிட்டது ஒத்துக்கலையோ?"

"நீ வெச்சுட்டுப் போன சாப்பாடா? உன் சமையல் என்னைக் கொல்லணும்னா எப்பவோ கொன்னிருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். கை சும்மா இருக்கவில்லை. பழக்கத்தில் கட்டையை அழுத்தியது.

"நீ சீக்கிரம் வந்தா நாம—"

பேச்சு அறுந்தது. ரிசீவரில் மூச்சு உள்ளே இழுபட்டது. ஸ்பீக்கரிலும் அதே மூச்சு, அதே நேரத்தில், இம்மி பிசகாமல். பிறகு டிக். ஸ்பீக்கரில் கேட்டது. ரிசீவரிலும் கேட்டது.

எந்த மனிதனின் தொண்டையிலும் அந்தச் சத்தம் வராது. அது அவள் ஒட்டிய ஒட்டு.

விரலை வெடுக்கென்று எடுத்தாள். ஸ்பீக்கர் அடங்கியது. ரிசீவரில் வீட்டு ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்டது, ஜன்னலில் மழை கேட்டது, மூச்சு கேட்கவில்லை.

"ஓரின்? பேசு, ஓரின்."

ஃப்ரிட்ஜ். மழை. இந்தத் தடவை தானாகச் சரியாகவில்லை. கட்டையை அழுத்தினாள்.

உள்ளே. டிக். உள்ளே.

உயிர் இருக்கிறது. விரலை எடுக்காமல் இடது கையால் கம்ப்யூட்டரில் பழைய பதிவைத் தேடினாள். அதன் மேல்தான் எழுதியிருந்தாள். சமையலறையில் பதிந்த மூல கேசட்டில் இப்போது இருந்தது டிரம் ஓசை. அதையும் அவளேதான் பதிந்தாள். ஓரின் வெளியே விட்ட மூச்சு இனி எங்கும் இல்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட ஓரின் ரிசீவரை வைக்காதவரை இந்த லைன் விடுபடாது. இன்னொரு போன் வாசல் பக்கம், வரவேற்பு மேஜையில். கட்டையின் மேல் கனமாக எதையாவது வைத்துவிட்டு ஓடலாம். ஸ்டேப்ளரை எட்டி எடுத்தாள்.

ரிசீவரில் வேறொரு சத்தம். சின்னதாக, கெட்டியாக ஏதோ சமையலறைத் தரையில் விழுந்து உருண்டது.

சட்டைப் பொத்தான்.

உள்ளே. டிக்.

இன்னொரு பொத்தான்.

ஸ்டேப்ளர் கையிலிருந்து நழுவியது. இழுத்த காற்று துளியும் வெளியே வரவில்லை. எல்லாம் அவனுக்குள்ளேயே இருந்தது.

உள்ளே. துணி கிழிந்தது. மெதுவாக, தையலோரமாக. டிக். உள்ளே. துணிக்கு அடியில் ஏதோ நெரிந்தது.

விரலை எடுத்தால் அவன் மூச்சு நின்றுவிடும்.

மார்லிஸ் அழுதுகொண்டே இன்னும் அழுத்தினாள்.