வாடகை அறையின் தரை

கண்டாவளையில் அந்த வீட்டு வாசலில் பால் பொங்கி வழிந்தபோது கிருசாந்திக்கு அழுகையும் பொங்கிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வயதுக்குள் முகாம், சொந்தக்காரர் வீடு, வாடகை அறை என்று நாய் படாத பாடு பட்டவள். முதன்முதலாகச் சொந்தமாக ஒரு கதவு. முன்பக்கத்தில் தான் இருந்துகொண்டு, பின்பக்கத்தில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுவதாக எண்ணம். தனியாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினாலே போதும் அவளுக்கு.

அறைக்கு அத்திவாரம் வெட்டப் போன இடம் பள்ளமாக இருந்தது. மேசன் சிவராசா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, இது கடைசிச் சண்டை நேரத்துப் பங்கர், சனம் பதுங்கின குழி. மேல மூடின பனங்குத்தியெல்லாம் இடிஞ்சு உள்ளுக்க இறங்கியிருக்கு. தோண்டிப் பாத்திட்டு மூடுவம்.”

எலும்பு ஏதும் வந்தால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், வளவைச் சுற்றி நாடா கட்டி அவளை வெளியேற்றுவார்கள். வன்னியில் இது யாருக்குத் தெரியாது?

“வேண்டாம் அண்ணை. கிறவல் மண்ணைக் கொட்டி மூடுங்கோ.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சீமெந்து காய்ந்துவிட்டது.

ஜெயரூபி என்ற ஆசிரியை வாடகைக்கு வந்தாள். ஒன்பதாம் நாள், உச்சி வெயிலில், பெட்டியோடு முற்றத்தில் நின்றாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. தரைக்குக் கீழ பிள்ளை ஒண்டு கதைக்குது.”

“என்னெண்டு?”

“‘ஷெல்லடி நிண்டிட்டுதோ அம்மா’ எண்டு.”

அவள் போன பிறகு கிருசாந்தி அந்த வெறும் அறைக்குள் போனாள். வெளியே அனல். உள்ளே தரை குளிர்ந்து கிடந்தது. ஈரமண் மணத்தது.

காதை வைத்தாள்.

“அம்மா, தண்ணி.”

பொலிஸ் வரட்டும், வீடு போனால் போகட்டும். மூடச் சொன்னது தான்தானே. இரும்பு அலவாங்கை எடுத்துவந்து சீமெந்துத் தரையில் ஓங்கிக் குத்தினாள்.

கீழே பிள்ளை வீரிட்டது.

“அம்மா! திரும்ப அடிக்கிறாங்கள்!”

அலவாங்கு கையை விட்டு நழுவியது. கிருசாந்தி தரையோடு தரையாகப் படுத்து, சீமெந்தில் வாய் வைத்துக் கெஞ்சினாள்.

“சண்டை முடிஞ்சுது குஞ்சு. பயப்பிடாதை. அம்மாவும் நீயும் வெளியில வாங்கோ.”

மறுபடி தரையில் காதை வைத்தாள்.

பிறகு ஒரு பெண்ணின் குரல், மிக அருகில், பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு சொல்வதுபோல்:

“போகாதை ராசா. அண்டைக்கும் இப்பிடித்தான் கூப்பிட்டிட்டு அடிச்சவை.”