அஞ்சு வாட்ஸ் பெட்டி

“நாளைக்கே அந்தப் பெட்டிய அட்டனுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க.”

“பெட்டி என்ன பண்ணுச்சு அந்தோனி, நீ சும்மா...”

“நா சும்மா சொல்றேனா? அதப் போட்டாத்தான தட்டுது...”

“எலியா இருக்கும். கல்லுச் சொவருன்னா எலி ஓடாதா?”

“எந்த ஊரு எலிங்க மூனு மூனாத் தட்டும்?”

யேசுரட்ணம் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய அக்கா சிசிலிக்கு அன்று காலையில்தான் முப்பதாம் நாள் பூசை நடந்திருந்தது. வந்த சொந்தங்கள் சாப்பிட்டுவிட்டு மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போய்விட்டார்கள். அவன் மனைவி அந்தோனியம்மாவுக்கு இது ஏழாம் மாதம். ஏனம் கழுவ முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனிமூட்டம் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் பிள்ளை பெறமாட்டேன், பெட்டி போகட்டும், இல்லாவிட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

யேசுரட்ணம் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அதனால் அவனுக்குக் கூலிகளின் லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா இல்லாமல் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒரு கற்சுவர். தொழிற்சாலை ஓடையில் சுழலும் டர்பைனிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் கரண்டு வரும். பக்கத்து வீடு காலியாகக் கிடந்ததால், காசம் கண்ட சிசிலியை அங்கே வைத்துக்கொள்ளத் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார்கள்.

கித்தார்ச் சத்தத்தைப் பெருக்கும் அந்தப் பெட்டியை வாங்கியது அவள் வந்து படுத்த பிறகுதான்.

அட்டனில் பழனியாண்டியின் ரேடியோ கடையில் இரண்டு ஆம்பிளிபயர் இருந்தன. ஒன்று நுவரெலியா ஓட்டல் பேண்டுக்காரர்கள் விற்றது. முப்பது வாட்ஸ், இரண்டு ஸ்பீக்கர், தூக்க இரண்டு ஆள் வேண்டும். மற்றது பழனியாண்டியே பலகையில் அடித்த சின்னப் பெட்டி. அஞ்சு வாட்ஸ், ஒரு ஸ்பீக்கர், பல்புபோல் எரியும் மூன்று வால்வு. யேசுரட்ணத்தின் கண் பெரியதை விட்டு நகரவில்லை. வீட்டில் வாசிக்கிறவனுக்கு அது எதற்கு என்று பழனியாண்டி கேட்டார். பெரியதை ஒன்றாம் நம்பருக்கு மேல் திருக முடியாது, சத்தம் செத்துப்போய் இருக்கும், சின்னதென்றால் கடைசி வரைக்கும் திருகலாம், வால்வு நன்றாகக் கொதித்தால்தான் கம்பி பாடும் என்றார்.

அந்தோனியம்மா சின்னப் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“பக்கத்துல சீக்காளி படுத்திருக்காங்க. இது போதும்.”

முதல் நாள் வாசிக்கும்போதே சுவரில் தட்டு விழுந்தது. மூன்று தட்டு.

புருஷனும் பெண்டாட்டியும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே காம்பிராச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அடுத்த வீட்டு முனகல்கூட மேலே ஏறி வந்துவிடும். சுவரில் தட்டினால் சத்தத்தைக் குறை என்றுதான் அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். யேசுரட்ணம் குறைத்தான். மறுபடி தட்டு. இன்னும் குறைத்தான். மறுபடியும் தட்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டான். அக்காவுக்கு நோவு தாங்கவில்லை போல என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

தினமும் இப்படித்தான் நடந்தது.

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் வாயும் வயிறுமாக இருக்கிறவள் அந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது, அவளிடம் திரும்பி வருகிற புருஷனும் மிதிக்கக் கூடாது என்று தோட்டத்து டாக்டரையா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கஞ்சி கொண்டுபோனது ஆஸ்பத்திரி ஆயா. கோயிலில் முதல் குரல் எடுத்துப் பாடிய சிசிலிக்கு, நோய் தொண்டைக்கு ஏறிய பிறகு பேச்சே வரவில்லை. அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த விரல் முட்டிதான்.

ஒருநாள் தட்டு நின்றது. கட்டிலை எரித்தார்கள். கந்தகப் புகை போட்டு, சுண்ணாம்பு அடித்து, பூட்டினார்கள்.

அதன்பின் பெட்டியைப் போட்ட ஒவ்வொரு நாளும், ஆளில்லாத அந்த அறையிலிருந்து அதே மூன்று தட்டு.

“கடைசியா ஒரு தரம் போடுறேன்,” என்றான் யேசுரட்ணம். “தட்டுச்சுன்னா, குடுத்துர்றேன்.”

வால்வுகள் செம்மஞ்சளாகக் கனிந்தன. சூடேறிய தூசி வாசனை எழுந்தது. அக்கா விரும்பிப் பாடும் மாதா பாட்டை, கம்பிக்கு வலிக்காத மாதிரி தொட்டு வாசித்தான்.

தட்டு விழுந்தது.

குறைத்தான்.

தட்டு பலத்தது. அடுப்புப் பலகையில் கவிழ்த்திருந்த தம்ளர் நடுங்கியது.

இன்னும் குறைத்தான். கித்தார் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

இப்போது ஒரு கை இல்லை. இரண்டு கையாலும் சுவரை அறைகிற சத்தம். நடுநடுவே, மூச்சுக்குத் திணறுகிற இடைவெளி.

அந்தோனியம்மா காதைப் பொத்தினாள். பிறகு பயம் கோபமாக மாறி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, பெட்டியின் குமிழைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருகினாள்.

“கேட்டுக்கங்க மதினி, நல்லாக் கேட்டுக்கங்க.”

கம்பி பாடியது. வீடு முழுக்க நிரம்பி, கற்சுவருக்குள்ளும் இறங்கியது.

தட்டு நின்றுவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து, மெல்லச் சறுக்கி, தரையில் உட்காரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

யேசுரட்ணம் நிறுத்தப் பயந்து வாசித்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா கொறைக்கச் சொல்லல, அந்தோனி,” என்றான். “கேக்கலன்னு தட்டியிருக்கு.”

லயத்துச் சுவர் இல்லை இது. கூரையை முட்டும் முழக் கனத்துக் கல். அஞ்சு வாட்ஸைக் குறைத்து வாசித்தால் அந்தப் பக்கம் என்ன கேட்டிருக்கும்?

அந்தோனியம்மா சுவரோரம் உட்கார்ந்து அதில் கையை வைத்தாள். பனியில் சில்லிட்டிருந்த கல்லில், உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் தோள் உயரத்தில் மட்டும் ஓர் இடம் கொதித்தது. காய்ச்சல்காரியின் நெற்றி போல.

அவள் கையை எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து எழுந்து வெளியே போனாள். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி அந்த வாசல். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவிடுக்கில், சிசிலி நெஞ்சில் தேய்த்துக்கொண்ட யூக்கலிப்டஸ் தைல வாசனை வந்தது. உள்ளே, சுண்ணாம்பு அடித்த வெற்று அறையில், யாரோ பாட்டோடு சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தோனியம்மா இதுவரை மிதிக்காத அந்த வாசப்படியில் ஏறி நின்று, கதவில் நெற்றியை வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“மதினி, நா உள்ள வரட்டுமா?”