குமிழ் கீழே

நான்காம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு வானொலியின் கடைசிப் பீப் ஒலி அடங்கியபோது, கண்ணாடிக் கூட்டுக்குள் மல்லாந்து கிடந்த அந்தக் கைக்கடிகாரம் முந்தின நாளைவிட இரண்டு விநாடி கூடியிருக்க வேண்டும். ஒரு விநாடி குறைந்திருந்தது.

கோசிகா கண்ணிலிருந்து லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். குறை ஒன்று. கொப்பியில் எழுதினாள். மாடியிலிருந்த அந்தச் சின்ன அறையில் பென்சில் உரசும் சத்தமும், சுடுநீர்க் குழாய் சுவருக்குள் எங்கோ சுருங்கி முனகும் சத்தமும், அவற்றுக்கு நடுவே விநாடிக்கு ஐந்து தரம் அடிக்கும் கடிகாரத்தின் மெல்லிய துடிப்பும் மட்டும் இருந்தன. எண்ணெயும் வெள்ளைப் பெற்றோலும் மணந்தன. யன்னலுக்கு வெளியே தென் லண்டனின் மிச்சம் பகுதி ஏற்கனவே இருட்டிவிட்டது. டிசம்பரில் இங்கே பின்னேரம் என்று ஒன்று கிடையாது.

அந்தக் கடிகாரம் சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே ஒரு தனி மனிதர், எந்தப் பெரிய கொம்பனியையும் சாராமல், வருடத்துக்கு எட்டுக் கடிகாரங்களைக் கையாலேயே செய்கிறார். பட்டறையில் எல்லோரும் அவரைப் பட்ரோன், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடம் கோசிகா அவரிடம் வேலை செய்தாள். தலைமயிரைவிட மெல்லிய சுருள்வில்லைச் சாவணத்தின் நுனியால் இம்மியளவு நெளித்து, கடிகாரம் எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் ஒரே சீராக ஓடும்படி திருத்துவது அவள் வேலை. லண்டனுக்கு வந்த மூன்று வருடங்களாக ஸ்ட்ரெதமில் ஒரு கடையில் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தவளுக்கு, 2006 கார்த்திகையில் பட்ரோன் இந்த ஒன்றை அனுப்பியிருந்தார்.

திருத்துவதற்கு முன் எட்டு நாள் அதைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் நாளுக்கு இரண்டு விநாடி கூடும், பக்கவாட்டிலிருக்கும் சாவி கொடுக்கிற குமிழ் கீழே பார்க்கத் தொங்கினால் ஆறு விநாடி குறையும் என்று பட்ரோனின் தாளில் எழுதியிருந்தது. அறையின் சூடு மாறக்கூடாது என்பதற்காக நாளுக்கு ஒரு தரம், நாலு மணிக்கு மட்டும் கதவைத் திறப்பாள்.

தூசியாக இருக்கலாம். காந்தமாக இருக்கலாம். சின்னத் திசைகாட்டியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி அசையவில்லை.

ஐந்தாம் நாளும் குறை ஒன்று.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டாள். இரண்டு கூடுவதற்கும் ஆறு குறைவதற்கும் இடையே நாளுக்கு எட்டு விநாடி வித்தியாசம்; குமிழ் கீழே தொங்கினால் ஒவ்வொரு மூன்று மணித்தியாலத்துக்கும் ஒரு விநாடி போகும். கூட வேண்டியது இரண்டு, குறைந்தது ஒன்று; போனது மூன்று விநாடி. ஒன்பது மணித்தியாலம். நாளில் ஒன்பது மணித்தியாலம் இந்தக் கடிகாரம் கூட்டுக்குள் கிடக்கவில்லை.

இடது கையில் கடிகாரம் கட்டிய ஒருவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்போது குமிழ் நிலத்தைப் பார்க்கும். அதனால் பட்டறையில் அந்த நிலைக்கு ‘நிற்கிற மனிதர்’ என்று ஒரு பெயர் இருந்தது.

அவள் கணவன் பிரதாபன் குரொய்டன் பக்கம் ஒரு களஞ்சியத்தின் வாசலில் காவலுக்கு நிற்கிறான். காலை ஆறு மணியிலிருந்து மூன்று மணிவரை. ஒன்பது மணித்தியாலம்.

நெஞ்சுக்குள் ஏதோ சரியான இடத்தில் போய்ப் பொருந்தியது. அந்தப் பொருத்தத்தில் ஒரு சின்ன நிம்மதி இருந்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் விட்டுவிட்டாள். சுவிஸில் இருந்தபோது, ஒரு சாமத்தியவீட்டுக் கொண்டாட்டத்துக்கு, அவள் சோதனைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கடிகாரத்தைப் பிரதாபன் சொல்லாமல் கட்டிக்கொண்டு போனான். அடுத்த நாள் பட்ரோன் எண்களைப் பார்த்துவிட்டு, “இதைக் கட்டிக்கொண்டு யாரோ நடனமாடியிருக்கிறார்கள்” என்றார். அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் அந்த வெட்கம் போகவில்லை. அதற்குப் பிறகு பிரதாபன் எங்கே போனேன் என்று சொன்னாலும், அதை அவள் மனதுக்குள் ஒருமுறை உரசிப் பார்ப்பாள்.

இப்போது கடிகாரம் கெட்டுப்போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் பொய்யனா, இல்லையா? அது தெரிய வேண்டும்.

கண்ணாடிக் கூட்டின் விளிம்பைச் சுற்றிக் காகித ரேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வைத்தாள். ஆறாம் நாள் ரேப் அப்படியே இருந்தது. கையெழுத்தின் மை கலையவில்லை. எண் மட்டும் குறை ஒன்று. எத்தனை கவனமாகச் செய்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அன்றிரவு அவன் கையைத் தூக்கிப் பார்த்தாள். மலிவான டிஜிற்றல் கடிகாரத்தின் கீழே வெளிறிய ஒரு வட்டம். அது எதையும் சொல்லவில்லை. சொல்லாததும் அவளுக்குச் சாட்சியாகத்தான் தெரிந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு வேலை இல்லை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தான். நாலு மணிக்கு எண் குறை ஒன்று. அவள் படியிறங்கி வந்தபோது அவன் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தான்.

“இஞ்சாருங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. மணிக்கூட்டை எடுத்தனீங்களோ?”

“எந்த மணிக்கூடு?”

“எந்த மணிக்கூடு எண்டு கேக்கிற ஆள்தான் எடுத்த ஆள்.”

பிரதாபன் சிரித்தான். “கோசி, லொறிக்காரருக்கு நேரம் பாத்துச் சொல்ல எனக்குச் சுவிஸ் மணிக்கூடு தேவையில்லை. ஒன்பது மணித்தியாலம் கேற்றடியில நிண்டு காலே மரத்துப்போகுது.”

“ஒன்பது மணித்தியாலம். நீங்களே சொல்லுறியள்.”

சிரிப்பு நின்றது. “அப்ப எனக்கும் உம்மட மணிக்கூட்டுக்கும் கள்ளத் தொடுப்பு எண்டுறீர்.”

“ஒருக்கா எடுத்தனீங்கள்தானே.”

“ஆறு வருசத்துக்கு முந்தி. ஒரு பின்னேரம். அந்த மணிக்கூட்டை இன்னும் எத்தினை வருசத்துக்கு என்ர கையில கட்டி வைச்சிருக்கப் போறீர்?”

தேத்தண்ணிக் கோப்பையை அவன் வாய் வைக்காமலே மேசையில் வைத்தான். மேலே போய் ஒரு பையோடு இறங்கி வந்து, தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றிய அறைத் திறப்பையும் வீட்டுத் திறப்பையும் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“மனோர் பார்க்கில அண்ணை வீட்டை போறன். நாளைக்குப் பாரும். அது சரியா ஓடினா நான்தான் கள்ளன். போன் எடுக்க வேண்டாம்.”

“சரியா ஓடாட்டி?”

“அப்பவும் யோசிச்சுப்போட்டு எடும்.”

கதவு அதிராமல் சாத்தப்பட்டது. அவன் எதையும் அடித்துச் சாத்துகிறவன் இல்லை.

இரவு முழுவதும் இரண்டு திறப்புகளும் தலையணைக்குக் கீழே கிடந்தன. விடியப்புறம் முதல் ட்ராம் தூரத்தில் சறுக்கிப் போகும் சத்தம் கேட்டபோது, கூடிய இரண்டு விநாடிக்காக தான் ஏங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கூடினால் பிரதாபன் கள்ளன். அவன் கள்ளனாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு ஒருத்தி படுத்திருக்கிறாள். எப்போதிலிருந்து நான் இப்படி ஆனேன்? கேள்வி வந்தது. பதில் வருவதற்குள் எழுந்துவிட்டாள்.

கடைக்குப் போகவில்லை. பகல் முழுவதும் படிக்கட்டின் கடைசிப் படியில், பூட்டிய அறைக்கு நேரே கீழே உட்கார்ந்திருந்தாள். யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை. மேலே பலகை ஒருதரம் முனகியது, குளிருக்கு மரம் சுருங்குவதுபோல. அவ்வளவுதான்.

நாலு மணிக்கு அறையைத் திறந்தாள். மேசை விளக்கைப் போட்டாள். ரேப் அறுபடவில்லை. கடிகாரம் மல்லாந்து கிடந்தது. பீப். பீப். கடைசிப் பீப்.

குறை ஆறு.

குறை ஆறு என்றால் ஒன்பது மணித்தியாலம் இல்லை. இருபத்துநாலு. ஒரு நாள் முழுவதும். இரவு அவள் திறப்பைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்திருந்தபோதும், பகல் அவள் படியில் இருந்தபோதும், ஒரு நிமிடம்கூடக் கையை மடிக்காமல்.

மனிதர்கள் அப்படி நிற்பதில்லை. வாசலில் நிற்கும் காவல்காரன்கூட மூக்கைச் சொறிவான், சிகரெட் பற்றவைப்பான், லொறிக்குக் கை காட்டுவான். எண் சிதறியிருக்க வேண்டும். ஐந்து நாளாக எண் ஒருமுறையும் சிதறவில்லை. இது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பற்றரி மாற்றும் கடைக்காரிக்குத் தெரியாமலிருக்கலாம், அவளுக்குத் தெரியும். பிரதாபன் மேல் இருந்த கண்ணை எடுக்க அவள்தான் விரும்பவில்லை.

கைத்தொலைபேசியை எடுத்தாள். மூன்றாவது மணியில் அவன் எடுத்தான்.

“நீங்கள் எடுக்கேல்ல” என்றாள். “நீங்கள் எடுக்கேல்ல. எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வாங்கோ.”

“என்ன குரல் இது? என்ன நடந்தது?”

“வாங்கோ எண்டுறன்.”

“வாறன். ஜக்கெட்டைப் போடுறன். ட்ரெயின் பிடிச்சு வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். சாப்பிட்டனீரோ?”

அப்போது விளக்கு அணைந்தது. வானொலியும் அணைந்தது. கீழே பிரிட்ஜின் இரைச்சல் நின்றது. இத்தனை நாளும் வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்ததென்று அது போன பிறகுதான் தெரிந்தது.

“லைட் போயிட்டுது” என்றாள்.

“ஐயோ. கரண்ட் மீற்றரில காசு முடிஞ்சிருக்கும், அதில போடுற கீ என்ர ஜக்கெட்டுக்குள்ள எல்லே கிடக்கு. நேற்று வரேக்க கடையில காசு போட்டுக்கொண்டு வந்தனான், சண்டையில மறந்துபோனன். மெழுகுதிரி இருக்கே?”

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அதன் நீல வெளிச்சத்தை மேசைப் பக்கம் திருப்பினாள்.

ரேப் அறுபடவில்லை. கையெழுத்து அப்படியே இருந்தது.

கண்ணாடிக் கூட்டுக்குள் ஒன்றுமில்லை.

பத்து விநாடியில் திரை தானாக மங்கியது. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வரும். விரல் பொத்தானின் மேலேதான் இருந்தது. அழுத்தவில்லை.

துடிப்புக் கேட்டது. விநாடிக்கு ஐந்து. அவளுக்கு அதைத் தெரியும். சமநிலைச் சக்கரம் படுத்தபடி ஆடும்போது ஒலி திறந்திருக்கும். நிமிர்ந்தபடி ஆடும்போது கொஞ்சம் அமுங்கும். பன்னிரண்டு வருடம் அதைக் கேட்ட காது.

அமுங்கிய ஒலி. குமிழ் கீழே.

மேசையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. கதவுப் பக்கமிருந்து.

தொங்கும் கையின் மணிக்கட்டு யாருக்கும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். இந்த ஒலி அவள் தலைக்கு மேலே இருந்தது.

அறையின் கூரை அவ்வளவு உயரமில்லை. அப்படியென்றால் அது குனிந்துகொண்டு நிற்கிறது. ஐந்து நாளாக.

“கோசி? இருக்கிறீரோ?” உள்ளங்கைக்குள்ளிருந்து பிரதாபன் கேட்டான், சின்னதாக, வெகு தூரத்திலிருந்து. “நான் வீட்டால வெளிக்கிட்டிட்டன். கதவைத் திறந்துபோட்டு ரோட்டில போய் நில்லும். கேக்குதோ?”

கேட்டது. கதவு பின்னால்தான் இருந்தது.

பிறகு ஒலி மாறியது. மெதுவாக. அமுக்கம் விலகி, திறந்தது. கை மடிகிறது. கடிகாரத்தின் முகம் மேலே திரும்புகிறது, நேரம் பார்க்கும் ஒருவருக்குத் திரும்புவதுபோல.

ஐந்து. ஐந்து. ஐந்து.

கீழே வந்தது. இன்னும் கீழே. அவளுடைய வலது காதின் பக்கத்தில் வந்து நின்றது, சரியாக, அவள் கேட்கவேண்டும் என்பதற்காகவே பிடித்ததுபோல. கண்ணாடி காது மடலில் பட்டது.

சூடாக இருந்தது. உடம்புச் சூடு.