சேவ் ஆகட்டும், ரெண்டே நிமிஷம்

சிகாமட் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் அந்த வீட்டை நானும் தங்கை பிரவீனாவும் கண்டுபிடித்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்த சுபத்திரா அக்கா அதை ஏற்கெனவே கூடத்தில் இறக்கி வைத்திருந்தார். பதினான்கு வருடப் பழசு. எனக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுக் குழுவில் ஆண்டுதோறும் ஒரு போட்டி உண்டு. பத்து வயதைத் தாண்டிய கம்ப்யூட்டரில், இந்த வருடம் வந்த விளையாட்டின் முதல் அத்தியாயத்தை முடிக்க வேண்டும்; அதன் சேவ் ஆன்லைனில் குழுவுக்கு வந்து சேர வேண்டும். பரிசு, புத்தம்புது கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு வருடமாக மூர்த்தியே ஜெயித்துவிட்டு, "லெட்சு, நீ போய் போன்ல கேரம் விளையாடு லா" என்று குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"என் தம்பி தேவானந்தனோடது," என்றார் அக்கா. "அந்தப் பெரிய வெள்ளத்துல நாங்க எல்லாரும் படகுல ஏறிட்டோம். அவன் மட்டும் மாடிய விட்டு எறங்கல. 'சேவ் ஆகட்டும்க்கா, ரெண்டே நிமிஷம்'ன்னான்."

அவர் கண் மாடிப்படிக்குப் போனது.

"அப்புறமா எறங்கியிருக்கான். அந்தப் படியிலதான் கெடந்தான். கம்ப்யூட்டர் நனையவே இல்ல, பாருங்க. உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு வெச்சுக்குங்க தம்பி."

சரி என்று தலையாட்டினேன்.

அழிக்கவில்லை. எப்படி அழிப்பேன்? அந்தப் பழைய கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் செய்தவர்களே கைகழுவி வருடங்கள் ஆகின்றன. தேவானந்தன் அதைத் தன் கையால் திருத்தித் திருத்தி உயிரோடு வைத்திருந்தார். அழித்தால் அதுவும் போய்விடும். என்னைப் போன்ற பைத்தியத்தைத் தவிர வேறு எவனும் அதைத் தொடமாட்டான்.

போட்டியின் கடைசி நாள் ஞாயிறு, மாலை ஐந்து மணி. மூன்று நாளாக விடாத மழை. ஆற்றோரம் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில் அப்பா சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அறையை விட்டு வரவில்லை.

புது விளையாட்டு பழைய பெட்டியில் ஓட வேண்டுமானால் கனமானதையெல்லாம் அணைக்க வேண்டும். புல்லை அணைத்தேன். தண்ணீரை அணைத்தேன். நிழல்களை அணைத்தேன். அப்படியும் உலகம் தவணை முறையில்தான் வரும். முதலில் வானம், பிறகு தரை, பிறகு அட்டைப்பெட்டி போல வீடுகள், கடைசியில் ஆட்கள்.

அன்று வானத்துக்கும் முன்னால் ஓர் ஆள் வந்துவிட்டான்.

வெறும் சாம்பல் நிறத்தில், தரையே இல்லாத இடத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அவனுக்கு நிழல் இருந்தது.

டிரைவர் கோளாறு என்று திரும்ப ஏற்றினேன். மறுபடியும் அவன்தான், கொஞ்சம் கிட்டத்தில். கால்சட்டை முழங்கால்வரை நனைந்து கறுத்திருந்தது. அடுத்த முறை இடுப்புவரை. நனையாத பெட்டியின் ஃபேனிலிருந்து சேற்று வாடை வந்தது.

நிறுத்தியிருக்கலாம். மணி நாலே முக்கால்.

முடித்தேன். அத்தியாயம் முடிந்தது! சேவ் கோடு நகர ஆரம்பித்தது. தொண்ணூறு சதவீதம். தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று ஏழு. அங்கேயே நின்றது.

"அண்ணே! தண்ணி வாசலுக்கு வந்துருச்சு! அப்பா வண்டிய எடுத்துட்டாரு, வா!" பிரவீனா கத்தினாள்.

"சேவ் ஆகட்டும், ரெண்டே நிமிஷம்!"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

திரையில் அவன் கழுத்துவரை நனைந்திருந்தான். மெல்ல விலகி, தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டான்.

என் பாதம் சில்லென்றது. அறைக்குள் தண்ணீர்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

தொண்ணூற்று எட்டு.

வயர் என் கையில் இருந்தது.

தொண்ணூற்று ஒன்பது.

ஓடினேன்.

மறுநாள் காலை, நாங்கள் நிவாரண மண்டபத்தில் இருந்தபோது மூர்த்தி போன் செய்தான். "அலமாக், ஜெயிச்சுட்டியேடா! நாலு அம்பத்தெட்டுக்கு உன் சேவ் வந்து சேந்துருச்சு. கார்டு உனக்குத்தான். ஆனா ராத்திரியெல்லாம் ஆன்லைன்லயே இருக்கியே, வெள்ளம் வந்த வீட்டுல யாருடா விளையாடுறது?"

நாங்கள் வெளியேறிய அந்த மாலையே எங்கள் தாமானில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பழைய பெட்டி மூன்று நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது. அதைக் குப்பை லாரியில் நானே ஏற்றினேன்.

போன வாரம் பரிசு கார்டைப் போட்டு ஒரு புதுக் கம்ப்யூட்டரைக் கட்டினேன். கை சும்மா இருக்குமா? ஆன்லைனில் இருந்த என் சேவ் ஃபைலைத் திறந்தேன். இதில் காத்திருக்கவே வேண்டாம், வானம், தரை, புல் எல்லாம் ஒரே நொடியில் வந்தன. அவனைக் காணோம். தரையில் நிழல்கள் மட்டும் அழகாக நீண்டு கிடந்தன.

ஒரு நிம்மதிக்காக நிழல்களை அணைத்துப் பார்த்தேன்.

எல்லாம் மறைந்தன.

இரண்டைத் தவிர.