அட்டையை மாட்டியவர்

கீழ்த்தொட்டி மோட்டாரின் சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் அதை மாட்டவில்லை.

பல் துலக்கிய கையோடு மோட்டாரைப் போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சமையலறையை ஒட்டிய அந்தச் சின்ன அறைக்கு ஜன்னல் கிடையாது, காற்று வர வழியும் கிடையாது. ஆனாலும் அட்டை, யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. 'உள்ளே ஆள் வேலை செய்கிறார். தொடாதே.' அதற்குக் கீழே பெயர் எழுதும் கோடு காலியாக இருந்தது. நேரம் எழுதும் கோட்டில் மட்டும் 4.20 என்று இருந்தது.

முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலையின் மின்சாரப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். இயந்திரத்துக்குள் ஆள் இறங்கினால் சுவிட்சில் அட்டை மாட்ட வேண்டும், மாட்டிய ஆளேதான் வெளியே வந்து அதை எடுக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் வேறு கை படக்கூடாது. அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு பல்பு மாற்றினாலும் அட்டை மாட்டுவார். "இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அப்படியே கொடியேத்தி ஒரு பாட்டும் பாடிடுங்க" என்று மனைவி இருந்தவரை கிண்டலடிப்பாள்.

பேத்தியின் குறும்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மகள் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கிவிட்டு முந்தாநாள்தான் ஊருக்குப் போயிருந்தாள். எட்டு வயதுப் பேத்தி அந்த மாதம் முழுக்க ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு சிவப்பு அட்டைகூட செய்து கொடுத்திருந்தார்.

வண்டி ஏறும்போது மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பா, சும்மா உக்காந்திருக்காதீங்க. ஏதாவது பண்ணிக்கிட்டே இருங்க. அப்பதான் உடம்பும் நல்லாயிருக்கும், மனசும் நல்லாயிருக்கும்."

அதை அவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பழைய பதிவேட்டை எடுத்து வேலைகளை எழுத ஆரம்பித்துவிட்டார். இரண்டே நாளில் எட்டுக் கதவுகளின் கீல்களுக்கும் எண்ணெய் போட்டாயிற்று, மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று. துடைத்த மின்விசிறியையே மறுபடி ஒருமுறை துடைத்தாயிற்று. ஊர் உலகத்தில் எல்லோரும் ஓய்வெடுக்கத்தான் ஓய்வு பெறுகிறார்கள். ஃபோர்மேனுக்கு ஓய்வு என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மகளுக்குப் போன் போட்டார். பேத்திதான் எடுத்தாள்.

"தாத்தா, நீங்க குடுத்த கார்டா? அது எங்கிட்டதான் இருக்கு. என் ரூம் கதவுல மாட்டிட்டேன். அம்மாகூட உள்ள வரக்கூடாது!"

மகள் போனை வாங்கினாள். "என்னப்பா, நீங்களே மாட்டிட்டு மறந்துட்டீங்களா?"

"இருக்கும், இருக்கும்."

"அப்பா... தனியா சமாளிச்சுக்குவீங்கல்ல? இல்லன்னா வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"அட, நீ வேற! எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு."

போனை வைத்ததும் வீடு அமைதியானது. ஃப்ரிட்ஜின் முனகலும் நின்றது. அப்போதுதான் அது கேட்டது. தரைக்குள்ளிருந்து, குழாய் வழியாக ஏறி வந்த மாதிரி, இரும்பில் இரும்பு தட்டும் சத்தம்.

டொக். டொக். டொக்.

ஃபோர்மேன் சுத்தியலை எடுத்தார். ஆடாத நாற்காலியின் காலில் ஓர் ஆணியை அடித்தார், இன்னொன்று அடித்தார். வேலை நடக்கும்வரை அந்தச் சத்தம் கேட்காது. இருபத்தேழு வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு பார்த்தார், விடுமுறையிலும் போய் நின்றார், எல்லோரும் அவரை உழைப்பாளி என்றார்கள். இந்த ஒரு மாதம் பேத்தியின் கூச்சலில் அது வாயையே திறக்கவில்லை. இப்போது வீட்டில் அவரும் அதுவும்தான் மிச்சம்.

அட்டையை அவர் தொடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி காலியாகிக்கொண்டே வந்தது. மத்தியானம் குழாயைத் திறந்தால் கொஞ்சம் காற்று சீறியது, இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். அரிசி களையத் தண்ணீர் இல்லை, முகம் கழுவத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சுவிட்சில் அட்டை தொங்குகிறது, அதனால் போடவில்லை என்றா? அடுத்த நிமிஷம் செய்தி மகளுக்குப் போகும், அடுத்த வாரம் அவர் இந்த வீட்டில் இருக்கமாட்டார். வேறொருவர் வீட்டு மூலையில், தொட ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல், நாள் முழுக்க அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கீழ்த்தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்தார். பாசி வாடையும் துரு வாடையும் முகத்தில் அடித்தன. அவற்றோடு வேறொரு வாடையும் இருந்தது. தொழிற்சாலையின் கலவை டிரம்மின் வாடை, சுண்ணாம்பும் மசகெண்ணெயும் கலந்தது. அது இங்கே வர வழியே இல்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்றைக்கும் இதே வார்த்தைகள்தான்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், அன்று ஷிப்டு முடிய பத்து நிமிஷம் இருந்தது. கலவை டிரம் ஓடியே ஆகவேண்டும் என்று மேலாளர் குதித்துக்கொண்டிருந்தார். சுவிட்சில் ஃபிட்டரின் அட்டை தொங்கியது. எதையும் ஆற அமரச் செய்கிற ஆள் என்பதால் அந்த ஃபிட்டருக்கு நிதானம் என்றே பெயர். அட்டையை எடுக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போவதும் அவனுக்கு வாடிக்கைதான். ஃபோர்மேன் டிரம்மின் வாயருகே ஒரு தடவை கூப்பிட்டார். பதில் குரல் வரவில்லை. பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் எதுவுமே கேட்கவில்லை என்று விசாரணையில் சொன்னார், அதை எல்லோரும் நம்பினார்கள். அவர் அட்டையை எடுத்துச் சுவிட்சைப் போட்டது 4.20-க்கு. ஃபிட்டர் டிரம்முக்குள்தான் இருந்தான்.

டார்ச் வெளிச்சத்தில் தொட்டிக்குள் யாரும் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரும் அடியில் மோட்டாரும் மட்டும் தெரிந்தன. கண்ணால் பார்த்தாயிற்று. இனி என்ன பயம்? வீட்டுக்குள் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அட்டையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒரு தடவை உறுமி அடங்கிவிட்டது.

ஃபோர்மேனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பழுது! வெறும் பழுது! கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கும், தட்டல் சத்தமும் அதனால்தான் இருக்கும். அரை மணி நேர வேலை. சுவிட்சை அணைத்தார். அந்தப் பெயரில்லாத அட்டையைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். தன்னுடைய அட்டையில் தன் பெயரை எழுதினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினார், சுவிட்சில் மாட்டினார், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். எல்லாம் சட்டப்படி.

இரும்பு ஏணியில் இறங்கினார். தண்ணீர் சில்லென்று காலைப் பிடித்தது. டார்ச்சை மோட்டார் மேல் வைத்துவிட்டு, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, கேபிள் இணைப்பைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். கருத்துப்போன டேப் சுருள் சுருளாக வந்தது. உள்ளே செம்பு பளபளத்தது. தண்ணீர் இறங்கவே இல்லை. இணைப்பில் ஒரு குறையும் இல்லை.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது.

சமையலறைப் பக்கமிருந்து, அவசரமாக, குதிகாலை அழுத்தி வைக்கும் நடை. அந்த நடையை அவருக்குத் தெரியும். கொஞ்சம் வயது குறைந்த நடை. முழங்கால் வலி இல்லாத நடை. மூடியருகே வந்து நின்றது. தொட்டியின் வாய் வழியாக விழுந்த வெளிச்சத்தில் பாதி மறைந்தது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவருடைய குரல்.

இருக்கேன் என்று கத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது. ஏணி முதுகுக்குப் பின்னால் மூன்றே அடி. கால் நகரவில்லை. கையில் செம்புக் கம்பி. காலடியில் தண்ணீர். விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. மறுகையால் ஸ்பேனரை உருவினார். குழாயில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

மேலே நின்றவன் அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தான். அவனுக்குக் கேட்டது. கேட்டது என்று ஃபோர்மேனுக்குத் தெரியும். அன்றைக்கும் கேட்டது.

"யாரும் இல்ல" என்றான் அவன், பின்னால் நின்ற யாரிடமோ.

நிழல் விலகியது. வெளிச்சம் திரும்ப வந்தது. செருப்புச் சத்தம் சின்ன அறையை நோக்கிப் போனது, அவசரமாக. ஃபோர்மேன் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, தொட்டியின் வாய் வழியாக, சிவப்பாக ஒன்று சுழன்று சுழன்று இறங்கி அவருடைய காலடித் தண்ணீரில் மல்லாந்து மிதந்தது. அதில் அவருடைய கையெழுத்து. அவருடைய பெயர். 4.20.