அம்மாவின் வாசனை

வேலையிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாண்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் முகம் கழுவி, ஊதாப் பூப்போட்ட நைட்டிக்கு மாறிக் குளியலறையிலிருந்து வெளியே வந்தால் போதும், மூன்று வயதுகூட நிரம்பாத அந்தப் பெண்குழந்தை, கையிலிருந்த பொம்மையை அப்படியே போட்டுவிட்டு, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் புகுந்து, இரண்டு கைகளையும் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அழாது. வா என்றால் வரும், சாப்பிடு என்றால் சாப்பிடும், படு என்றால் படுத்துவிடும்.

"நம்ம வாண்டா இது? பெட்டிப்பாம்பா அடங்கிடுச்சே! எல்லாம் அந்தக் காப்பகத்து அக்காவோட கைராசி" என்று கணவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

வாண்டுவைப் பகலில் விட ஒரு நல்ல காப்பகம் பிடிக்க அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமா? முதலில் பார்த்த காப்பகம் சந்தைக்கடையாக இருந்தது. மூக்கொழுகும் பிள்ளைகள், தரையெல்லாம் சிந்திய சோறு, ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றை அதட்டும் ஆயா. இன்னோரிடத்தில் ஒரு குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. ஐயோ வேண்டவே வேண்டாம் என்று ஓடி வந்துவிட்டாள். கடைசியில் பார்த்த இந்த வீட்டிலோ, அறை நிறையக் குழந்தைகள் இருந்தும் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்டது. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க வீட்ல போடுற நைட்டி ஒண்ணு குடுத்துட்டுப் போங்கம்மா. துவைக்காம குடுங்க. அம்மா வாசனை பக்கத்துல இருந்தா பிள்ளைங்க ஏங்காது."

எல்லாத் தாய்மாரும் கொடுத்திருந்தார்கள். சுவர் ஆணிகளில் அவை வரிசையாகத் தொங்கின. எவ்வளவு தூரம் யோசிக்கிறாள் பார் என்று இவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஜோடியாக வாங்கிய இரண்டு ஊதா நைட்டிகளில் ஒன்றை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அழாத குழந்தைகளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பு எதிலோ தட்டியது. முடியை விலக்கினாள். மண்டை முழுக்க நகம் பதிந்த பிறைப் புண்கள். சில காய்ந்து போயிருந்தன, சில இன்னும் ஈரமாக இருந்தன.

"யாருடா தங்கம் பண்ணது?"

வாண்டு நிமிர்ந்து பார்த்தது. "நீதான்."

"அம்மாவா? எப்போ?"

"மத்தியானம். நீ வந்து அடிப்ப. அப்புறம் அக்கா வந்து தூக்கிக்கும்."

வாசற்படியில் நின்ற கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அவன் பார்வை அவள் கைகள்மேல் இருந்தது. "கோவத்துல ஏதாவது பண்ணிட்டியா? என்கிட்ட மறைக்காத" என்றான். அவளுக்குப் பதைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கூட வேலையில் பச்சைக் குழந்தைகளுக்குக்கூட வலிக்காமல் ரத்தம் எடுக்கிற கை அது.

மறுநாள் காலையில் வாண்டுவை வழக்கம்போல அங்கே விட்டுவிட்டு, மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் வேலையிலிருந்து கிளம்பினாள். அந்த வீட்டின் அழைப்புமணியைத் தொடவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து, தண்ணீர்த் தொட்டியையும் காய்கிற துணிகளையும் தாண்டி, பின்பக்கம் போனாள். பினாயில் வாசனையும் சூடான பால் வாசனையும் கலந்து வந்தன. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதனூடே இன்னொரு சத்தம், யாரோ நிதானமாக ஆணி அடிப்பதுபோல, விட்டு விட்டுக் கேட்டது.

ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகியிருந்தது. பார்த்தாள்.

தன் முதுகைப் பார்த்தாள்.

ஊதாப் பூக்கள். தூக்கிச் சுருட்டி கிளிப் போட்ட கொண்டை, அவள் போடுவது மாதிரியே. தோளை ஒருபக்கம் சாய்த்து நிற்கும் நிலையும் அவளுடையதுதான். அந்த உருவத்தின் கை வாண்டுவின் முடிக்குள் இருந்தது. சுவரில் மோதியது. இழுத்தது. மறுபடியும் மோதியது. "அம்மா சொன்னா கேக்கணும்" என்ற குரலும் அவளுடையதே.

வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தார்கள். ஒன்றுகூடத் தூங்கவில்லை.

அவளுக்குக் கத்த வரவில்லை. கால் நகரவில்லை. உள்ளே அந்த உருவம் நைட்டியைத் தலைவழியாகக் கழற்றி ஆணியில் மாட்டியது. உள்ளே கட்டியிருந்த பருத்திப் புடவையைச் சரிசெய்துகொண்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, அக்காவாகத் திரும்பி உட்கார்ந்தது.

"அம்மா அடிச்சுட்டாளா? வா தங்கம். அக்கா இருக்கேன்ல."

வாண்டு தவழ்ந்து போய் அந்த மடியில் ஏறிக்கொண்டது.

அப்போதுதான் அவள் கால் நகர்ந்தது. சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். எதிரே மாட்டியிருந்த எண்ணெய்ச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அக்கா எழவில்லை. வாண்டுவை மெல்ல இறக்கி, ஓரமாக உட்கார வைத்தாள். தடுக்கக் கை தூக்கவில்லை. முதல் அடியில் பல் சிதறியது. சட்டி நழுவியது. அவள் அக்காவின் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். சுவரில் மோதினாள். மறுபடியும். வெள்ளைச் சுண்ணாம்பில் சிவப்பு. மறுபடியும்.

"என் பிள்ளையடி! என் பிள்ளை!"

அக்கா சிரித்தாள். வாயெல்லாம் ரத்தம். கண் வாண்டுவைத் தேடியது.

"பாத்தியா தங்கம்? அக்கா சொன்னேன்ல."

கை நிற்கவில்லை. நிறுத்த நினைத்தாள். நிற்கவில்லை. மோதியது. மோதியது. கைக்குள் இருந்த தலை கனத்துத் தொங்கியது. அதற்கு அப்புறமும் மோதியது.

பின்னால் சின்னக் காலடிகள். வாண்டு. அழவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பக்கத்தில் வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, நெற்றியை அதில் ஒட்டிவைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தை வந்து நெற்றியை வைத்தது. அப்புறம் இன்னொன்று.