பனையங்குளத்துக்கு ஒரு நிமிட மௌனம்

போன் அலறியது.

அஜிதா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. திரையில் ஷிஜாவின் பெயர்.

பழவங்காடி பிள்ளையார் கோயில் பக்கம் பூக்கடை போட்டிருப்பவள் ஷிஜா. காரணம் இல்லாமல் காலையில் கூப்பிட மாட்டாள். காரணம் இருந்தால் விடவும் மாட்டாள்.

"அக்கா... தாணு மாமா மரிச்சுப் போயாச்சு."

அஜிதா நுரையை விழுங்கினாள்.

"எந்தத் தாணு மாமா?"

"நம்ம லேன்ல எத்தனை தாணு மாமா இருக்காரு? தாணுமாலையன் மாமா. குளத்து மாமா."

"எப்போடி? எப்பிடி?"

"அதை உங்ககிட்ட கேக்கத்தானே விளிச்சேன். முக்குல போர்டு வெச்சிருக்கு. அக்கா பாக்கலையா?"

அஜிதா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். துக்கம்தான். ஆனால் துக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் குத்தியது...

அவமானம்!

'நம்ம லேன் நியூஸ்' என்ற வாட்ஸ்அப் குழுவின் ஒரே நிருபர், ஒரே ஆசிரியர், ஒரே அட்மின் அஜிதா. எண்ணூறு பேர் அதில் இருக்கிறார்கள். எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் ஏன் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்... எல்லாம் அவள் மூலமாகத்தான் ஊருக்குத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு சேதியைக்கூட அவள் கோட்டை விட்டதில்லை.

இன்று விட்டுவிட்டாள். அதுவும் ஒரு சாவை.

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

திருவனந்தபுரத்தில் ஒருவர் செத்தால் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். முக்கில் கட்டியிருந்தது. கறுப்புப் பட்டை. நடுவில் தாணுமாலையன் சிரித்துக்கொண்டிருந்தார்.

*ஆதராஞ்சலிகள்! அனுசோசனக் கூட்டம் இன்று காலை பதினொன்றுக்கு, சமூகக் கூடத்தில். அனைவரும் வருக. இப்படிக்கு, பனையங்குளம் நண்பர்கள்.*

இரங்கல் கூட்டத்துக்கு அழைப்பு. அஜிதாவின் புருவம் ஏறியது.

பனையங்குளத்துக்கு நண்பர்களா? இருந்த ஒரே நண்பர் செத்தவர்தானே...

லேனுக்குப் பின்னால் இருக்கிறது பனையங்குளம். நகரம் வீங்கிக்கொண்டே வந்ததில் எப்படியோ மிச்சமாகிவிட்ட தண்ணீர். அதை மூடி நான்கு மாடி பார்க்கிங் பிளாசா கட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவன் ஹரிகுமார். வார்டு வளர்ச்சிக் குழுத் தேர்தலில் ஜெயித்து கன்வீனர் ஆனவன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வெள்ளைச் சிரிப்பு. கூடாது என்று இரண்டு காலிலும் நின்றவர் தாணுமாலையன். ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க்.

குளத்தை ஊர் பயன்படுத்துகிறது என்று காட்டினால் திட்டம் நிற்கும். மாமா என்னென்னவோ செய்து பார்த்தார். குளக்கரையில் கரோக்கே வைத்தார். அவரே பாடினார், அவரே கைதட்டினார். புட்டு மேளா வைத்தார். புட்டு மிஞ்சியது. வடம்வலிப் போட்டி வைத்தார். ஒரு பக்கம் இழுக்க ஆள் வந்தது. மறுபக்கம் மரத்தில் கட்ட வேண்டியதாயிற்று.

இன்று பதினொன்றுக்கு வார்டு சபை. குளத்தின் தலையெழுத்து அங்கேதான் முடிவாகும். அதே கூடம்... அதே நேரம்!

எதிர்த்துப் பேச இருந்த ஒரே வாயும் மூடிவிட்டது.

மாமாவின் வீடு பூட்டியிருந்தது. பந்தல் இல்லை. நாற்காலி இல்லை. வாசலில் இரண்டு பேர் மட்டும் சோகமாகப் புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடி எங்க?" அஜிதா கேட்டாள்.

"மோர்ச்சரில இருக்கும். மகன் மஸ்கட்ல இருந்து வரணும் அல்லே?"

அதுதான் இந்த ஊர். கல்ஃபில் மகன் இருந்தால் பாடியை யாரும் தேடுவதில்லை. ஃப்ளைட் வரும்வரை ஐஸில் இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

"எப்பிடிப் போனாரு?"

"அட்டாக்" என்றார் ஒருவர்.

"பிரஷர்" என்றார் மற்றவர்.

பால் பூத்தில் கேட்டாள். கேஸ் டிரபிள் என்றார்கள். தையல்கடையில், பேரப்பிள்ளைகள் வராத ஏக்கம் என்றார்கள். லேனை இரண்டு முறை சுற்றி, கதவு திறந்திருந்த எல்லா வீட்டிலும் கேட்டாள். திறக்காத வீடுகளைத் தட்டிக் கேட்டாள்.

ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மாமாவின் மகள் ஆர்யாவைப் போனில் கூப்பிட்டாள். கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் டிசைனராக இருக்கிறாள்.

"மோளே... அப்பா..."

"அக்கா, இப்ப ஒண்ணும் கேக்கண்டா. பதினொண்ணுக்கு ஹாலுக்கு வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

கட்.

அப்பன் செத்த பெண்ணின் குரலில் ஒரு சொட்டு ஈரமில்லை. அஜிதாவின் மூக்கு விடைத்தது.

மெடிக்கல் காலேஜ் மோர்ச்சரியில் அவளுக்குத் தெரிந்த அட்டெண்டர் உண்டு. அவளுக்கு எங்கேதான் ஆள் இல்லை?

"அந்தப் பேர்ல இவிட ஆரும் வரலை சேச்சி."

"வேற ஆஸ்பத்திரி?"

"நான் விளிச்சு கேட்டாச்சு. எங்கயும் இல்ல."

அஜிதா போனை இறக்கினாள்.

பாடி இல்லை... ஆனால் போர்டு இருக்கிறது!

ஃப்ளெக்ஸ் கடை ஜெயனைப் பிடித்தாள். ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தான்.

"தாணு மாமா போர்டு யாரு சொன்னது?"

"புது நம்பர் சேச்சி. நேத்து சந்தியைக்கு டிசைன் வாட்ஸ்அப்ல வந்தது. இப்ப அடிச்சா சுவிட்ச் ஆஃப்."

"நேத்தா?"

"ஆமா. ஏன்?"

நேற்றுச் சாயங்காலம் அந்தச் சாவு ஒரு ஆளுக்கும் தெரியாது. அஜிதாவுக்கே தெரியாது. அப்படியென்றால் போர்டு சொன்னவன் யார்?

கொன்னவன்!

கிழக்கேகோட்டை ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தாள். எஸ்.ஐ. ஷைலஜா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், தாணு மாமாவைக் கொன்னுட்டாங்க. பாடியை ஒளிச்சிருக்காங்க. கொன்னவனே போர்டும் வெச்சிருக்கான்."

ஷைலஜா சட்னியைத் தொட்டாள். "பின்னே?"

"என்ன பின்னே? ஹரிகுமாரைப் பிடிங்க."

"தெளிவு? ஆதாரம் ஏதும்?"

"குளம் வேணும்னவன் அவன்தானே."

"குளம் வேணும்னு நினைக்கறவனை எல்லாம் பிடிச்சா கார்ப்பரேஷன்ல லைட் போட ஆள் இருக்காது. பதினொண்ணுக்கு ஹாலுக்குப் போங்க. நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க. முடியுமா?"

"முயற்சி பண்றேன்" என்றாள் அஜிதா. பொய்.

கூடம் நிரம்பி வழிந்தது!

வார்டு சபைக்கு வழக்கமாக வருவது கவுன்சிலர், அவருடைய டிரைவர், மின்விசிறிக்காக வரும் நாலு பெரியவர்கள். இன்று ஜன்னலில் எல்லாம் தலை. செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் நாளைக்கு நம் வீட்டுக்கு யார் வருவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

அனுசோசனக் கூட்டத்துக்கு இங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொருவராக மைக்கைப் பிடிப்பார்கள். செத்தவரோடு தான்தான் மிக நெருக்கம் என்று நிரூபிப்பார்கள். முதல் ஆள் சேர்ந்து டீ குடித்தேன் என்பார். அடுத்தவர் ஒரே கிளாஸில் குடித்தேன் என்பார். கடைசியில் வருபவருக்குத்தான் சிரமம்.

ஹரிகுமார் கடைசியில் வந்தான். கையில் மலர்வளையம். சட்டையில் கறுப்புத் துணி.

"தாணு சார் எனக்கு அப்பன் ஸ்தானம்" என்று தொடங்கினான். குரல் கச்சிதமாக உடைந்தது. "நேத்து மத்தியானம்கூட என் கையைப் பிடிச்சாரு. 'ஹரி, எனக்கு வயசாச்சு. குளம் குளம்னு நான் பிடிச்ச பிடி தப்பு. நீ பிளாசா கட்டு'ன்னாரு."

கூட்டத்தில் முணுமுணுப்பு.

அஜிதா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். நேற்று மத்தியானம் மாமா லேன் முழுக்க இவனைத் திட்டிக்கொண்டே நடந்ததை அவள் காது குளிரக் கேட்டிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்" ஹரிகுமார் கண்ணைத் துடைத்தான். "சாரே, வடக்குப் படிக்கட்டு முழுக்கப் பாசி. அங்க தனியா நடக்கண்டான்னு. கேட்டாரா? இல்ல. அதான் அந்தக் குளமே அவரைக் கொண்டு போச்சு. இனியும் எத்தனை உயிரை அதுக்குக் கொடுக்கணும்? மூடுவோம். 'தாணுமாலையன் ஸ்மாரக பார்க்கிங் பிளாசா'ன்னு பேரு வைப்போம். எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம். மௌனம் முடிஞ்சும் நிக்கறவங்க தீர்மானத்துக்கு ஆதரவுன்னு மினிட்ஸ்ல எழுதிக்கலாம்."

கூட்டம் எழுந்தது. செத்தவருக்காக எழச் சொன்னால் எழாமல் என்ன செய்வது?

நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் குளம் மூடிக்கொண்டிருந்தது...

அஜிதாவின் தலைக்குள் ஏதோ இடறியது. வடக்குப் படிக்கட்டு? பாசி? அட்டாக், பிரஷர், கேஸ், ஏக்கம் என்று எல்லாம் கேட்டாளே. குளம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லையே!

க்றீச்!

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று முனகியது. எல்லாத் தலையும் திரும்பியது.

அஜிதா உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரிங்க சேச்சி" ஹரிகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "செத்தவருக்கு மரியாதை வேண்டாமா?"

"மாட்டேன்."

"நிமிஷம் முடியலை."

"உன் நிமிஷத்துல எனக்குப் பங்கு வேண்டாம். மாமாவுக்கு அழ எனக்கு வீடு இருக்கு. குளத்தை மூட நிக்க எனக்குக் கால் இல்ல."

"இது மோசம் கேட்டோ. மரண வீட்ல அரசியல் பேசண்டா."

"பேசறது நீ. நான் உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

ஷிஜாவும் உட்கார்ந்தாள். தையல்காரர் உட்கார்ந்தார். பால் பூத்தே உட்கார்ந்தது. க்றீச், க்றீச் என்று வரிசை வரிசையாக... கடைசியில் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் தரையில் குந்தினார்கள். கூடத்தில் நின்றுகொண்டிருந்தது ஹரிகுமாரும் மலர்வளையமும் மட்டும்தான்.

"இனி ஒரு கேள்வி" என்றாள் அஜிதா. "மாமா குளத்துல விழுந்தாருன்னு உனக்கு யாரு சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"யாருக்கு? கை தூக்கச் சொல்லு."

ஒரு கை எழவில்லை.

"போர்டுல... போர்டுல இருந்தது."

"போர்டுல சிரிப்பு மட்டும்தான் இருந்தது. காலைல இருந்து லேன் பூரா நாக்கு வறண்டு கேட்டாச்சு. ஒரு பயலுக்கும் தெரியலை. எனக்கே தெரியலை. இந்த லேன்ல எனக்குத் தெரியாத சாவு ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தெரிய முடியும் ஹரி. ஒண்ணு, செத்தவருக்கு..."

நிறுத்தினாள்.



"இன்னொண்ணு, பின்னாடி நின்னு தள்ளினவனுக்கு."

ஹரிகுமாரின் வெள்ளைச் சிரிப்பு மஞ்சளானது. மாமா தண்ணீரில் மூழ்கியதை நேற்றே பார்த்திருந்தான். காலையில் போர்டையும் பார்த்தான். பாடி மிதந்திருக்கும், ஊருக்கே தெரிந்திருக்கும் என்று முடிவு செய்துவிட்டான். மைக் கிடைத்த மகிழ்ச்சியில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கவாட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தான். அங்கே எஸ்.ஐ. ஷைலஜா ஏப்பம் விட்டபடி நின்றிருந்தாள்.

"உக்காருங்க சாரே. எல்லாரும் உக்காந்தாச்சே."

"சும்மா சந்தேகத்துல... பாடி எங்க? முதல்ல பாடியைக் காட்டுங்க."

"இதோ வந்தாச்சு" என்றது ஒரு குரல்.

ஷிஜா வீறிட்டாள். ஒரு பெரியவர் நாற்காலியோடு கவிழ்ந்தார்.

வாசலில் தாணுமாலையன்! தலையில் கட்டு. ஒரு கை மகள் ஆர்யாவின் தோளில். மறுகையில் குடை.

"ரெயில்வேல இருந்தாலும் நான் சுசீந்திரத்துக் குளத்துல வளந்தவனாக்கும்" என்றார். "நேத்து பொழுது சாயறதுக்கு முன்னாடி வடக்குப் படிக்கட்டுல தள்ளினவன் முகம் தெரியலை. முங்கி மறுகரைல ஏறினேன். மேடத்துக்கிட்ட போனேன். ஆளைக் காட்டுன்னாங்க. காட்ட முடியலை. சரி, செத்துப் பாப்போம்னு தோணிச்சு."

"அப்ப அந்தப் போர்டு..." அஜிதா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நான்தான் அக்கா டிசைன் பண்ணேன்" ஆர்யா தலையைக் குனிந்தாள். "புது சிம்ல அனுப்பினது."

"என்கிட்டகூடச் சொல்லலையே மாமா?"

"உன்கிட்டச் சொல்றதுக்கு நான் உயிரோட நேரா வந்து நிக்கலாமே மக்கா. நீ தேடி அலையணும். ஒனக்கே தெரியலைன்னாத்தான் அது ரகசியம்." கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "கரோக்கேக்குக் கூப்பிட்டேன், வரலை. புட்டுக்குக் கூப்பிட்டேன், வரலை. சாவுன்னதும் ஜன்னல் வரைக்கும் ஆள். சரி, வந்தது வந்தாச்சு. குளத்தை மூடக்கூடாதுங்கறவங்க கை தூக்குங்க."

கூடமே கையானது. ஷைலஜாவுடையது மட்டும் எழவில்லை. அது ஹரிகுமாரின் சட்டைக் காலரில் இருந்தது.

மாமாவும் கையைத் தூக்கினார்.

"அது செல்லாது" ஹரிகுமார் திமிறிக்கொண்டே கத்தினான். "ரெக்கார்டுபடி அவரு காலமாயிட்டாரு. செத்த ஆளு வோட்டுப் போட முடியாது."

தூக்கிய கையை இறக்காமலே தாணுமாலையன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன் ஹரி... போன எலெக்‌ஷன்ல நீ ஜெயிச்சது பின்னே எப்படியாக்கும்?"